நான் சொன்னேன்னு சொல்லுங்க

உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். உங்களுக்கு இன்னும் பெரிய கஷ்டம் எதுவும் வரவில்லை, அதனால் அவர் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் கையில் காசில்லாமல் கலங்கி நின்று பாருங்கள். உறவுக்காரர்கள் வருவதற்கு முன்னால், கடன்காரர்கள் வருவதற்கும் முன்னால், அவர் வந்து நிற்பார். உதவ மாட்டார். உதவுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த மாடியில் இருக்கிறார்கள், எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, எந்த பஸ்ஸில் ஏறினால் அவர்கள் வாசலிலேயே இறங்கலாம் என்பதையெல்லாம் துளி விடாமல் சொல்வார். சொல்லி முடித்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, பெட்டிச் சாவியையே உங்கள் கையில் கொடுப்பதுபோல, "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்பார்.

இந்த இனத்துக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் கைகாட்டி. "ஏங்க, ஊருக்கெல்லாம் வழி காட்டுற அந்தக் கை ஒரு தடவையாவது அவரோட சட்டைப் பைக்குள்ள போயிருக்கா?" என்று கேட்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சிரிக்க எனக்குத் தகுதி இருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருக் கைகாட்டி ஓர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனையிலிருந்து மூன்றாவது வீடு. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் நான் மெனக்கெட்டு இவ்வளவு எழுத வேண்டியதில்லை, ஒரு வரியில் திட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். யாராவது அழுதால் அவருக்கும் கண் கலங்கும். டீக்கடையில் தன் டீக்குத் தானே காசு கொடுப்பார். உங்கள் டீக்கு, கடைக்காரர் கடன் சொல்ல விடுவார் என்று காதோடு சொல்வார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பச்சை அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. உலகத்தில் மனிதர்களுக்கு வரக்கூடிய துன்பங்களையெல்லாம் அதில் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார். நெஞ்சுவலிக்கு மூன்று பக்கம். சிறுநீரகத்துக்கு நான்கு. பெண்பிள்ளைகள் படிப்புக்கு ஏழு, ஆண்பிள்ளைகள் படிப்புக்கு இரண்டே முக்கால். தீ விபத்துக்கு அரைப் பக்கம்தான், அதில் இன்னும் இடம் பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்த உடனேயே அவர் விரல் பக்கத்தைத் தேட ஆரம்பித்துவிடும். நீங்கள் அழுது முடிப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிடுவார். "ஆங், கிடைச்சிடுச்சு!" என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்த்தால், பணமே கிடைத்துவிட்டதோ என்று நீங்களும் ஒரு கணம் ஏமாந்து போவீர்கள்.

அடுத்தது, எண் கொடுக்கும் சடங்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எழுதிக்கோங்க. மூணு மூணா சொல்றேன்" என்பார். நீங்கள் எழுதியதும், "இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல நீங்கள் ஒப்பிப்பீர்கள். "சபாஷ்" என்பார். அந்த சபாஷோடு அவர் கடமை முடிந்தது, உங்கள் கடமை ஆரம்பித்தது. மறுநாள் தெருவில் பார்த்தால் விட மாட்டார். "போனீங்களா?" போகவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். "இவ்வளவு தூரம் சொல்லியும் போகலையா? அப்ப உங்களுக்கு அவ்வளவா கஷ்டம் இல்ல போல" என்பார், நாலு பேர் காதில் விழும்படி. கஷ்டப்படுகிறவர்கள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அதனால் பெயின்டர் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவின் கடைசியில், டைல்ஸ் கடைக்காரருக்குச் சொந்தமான ஓர் அறையும் சமையலறையும் கொண்ட பகுதியில் ஒரு பெயின்டர் குடியிருந்தார். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் தெருவில் பாதிச் சுவர்கள் அவர் கைவண்ணம்தான், என் வீட்டுச் சுவர் உட்பட. ஒரு திருமண மண்டபத்துக்கு வண்ணம் பூசும்போது சாரம் சரிந்து கீழே விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, நான்கு மாதத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை கொடுத்த கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டார். பெயின்டரின் மனைவி ஒரு தையல் கடைக்குப் பொத்தான் கட்டி, ஓரம் மடித்துக் கொடுப்பவர். அதில் வருவது அடுப்புக்குச் சரியாகப் போயிற்று. வாடகைக்கு வழியில்லை. வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, "ஒரே ஒரு மாசம் பொறுத்துக்கோங்கண்ணே, அவர் எழுந்துடுவார்" என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்காரரும் சரி என்று போய்விட்டார். அந்த ஒரு மாதத்துக்குள் எப்படியாவது இரண்டு மாத வாடகையைப் புரட்டிவிட்டால், அடுத்த இரண்டு மாதத்தைக் கூடுதலாகத் துணி வாங்கித் தைத்துச் சமாளித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. நல்ல கணக்குத்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவிலேயே இருந்தது. வீட்டை விட்டால் அதுவும் போகும்.

அவர் ஒரு காலை கைகாட்டி வீட்டுக்குப் போனார். அங்கே போகச் சொன்னது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"எவ்வளவும்மா வேணும்?"

"ரெண்டு மாச வாடகை சார். அது போதும்."

கைகாட்டி நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "வாடகைக்குன்னு தனியா பக்கம் இல்லையேம்மா. ஆபரேஷன்னு சொன்னா இப்பவே பதினாலு இடம் சொல்லுவேன். ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு சார். நல்லபடியா முடிஞ்சிடுச்சு."

"அடடா" என்றார் கைகாட்டி. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆனாலும் கைவிடுகிற மனிதரா அவர்? 'இதர' என்று ஒரு பக்கம் வைத்திருந்தார். அதிலிருந்து ஐந்து முகவரிகளை எழுதிக் கொடுத்து, கூடவே தன் போன் எண்ணையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒப்பிக்க வைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். "எல்லா இடத்துலயும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. அப்புறம் பாருங்க."

அந்தம்மா பார்த்தார்.

முதல் இடம், ஒரு கட்டில் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் கைகாட்டியின் பெயரைச் சொன்னதும், "யாரு?" என்றார் அவர். பச்சை நோட்டு வைத்திருப்பார் என்று அடையாளம் சொன்னதும், "ஓ, அவரா! போன வாரம் மட்டும் ஒன்பது பேரை அனுப்பி வச்சிருக்காரும்மா" என்று விண்ணப்பத்தை வாங்கி, மேலே இருந்த கட்டைத் தூக்கி, அடியில் வைத்து, கட்டை மறுபடியும் மேலே வைத்தார். பெயரைச் சொன்னதற்கு அந்தப் பலனாவது கிடைத்தது.

இரண்டாவது இடத்தில் கேள்வி ஒன்றுதான். "கணவர் இருக்காரா?"

"இருக்காருங்க."

"இருக்காரா… அப்ப எங்க திட்டத்துல வராதேம்மா. நாங்க இல்லாதவங்களுக்குத்தான் பண்றோம்" என்று கையை விரித்தார்கள். படியிறங்கி வரும்போது, தான் ஏதோ தப்பான பதிலைச் சொல்லிவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியதாம் அந்தம்மாவுக்கு. தோன்றியதற்காக, பஸ்ஸில் வழி முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மூன்றாவது இடத்தில் போர்வை கொடுத்தார்கள். வாடகை கேட்டு வந்தேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நாங்க போர்வைதாம்மா கொடுக்கறது" என்றார்கள். இரண்டு போர்வை. வாங்கும்போது படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சோகமா பாருங்க… போதும். இப்ப போர்வையை வாங்கிட்டு கொஞ்சம் சந்தோஷமா." வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் இரண்டு கம்பளிப் போர்வைகளைத் தோளில் சுமந்துகொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்ததை நானே மாடியிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான்காவது இடம் கொஞ்சம் கறாரானது. ஆனால் பணம் கொடுக்கிற இடம். "தரலாம்மா. ஆனா வேற எங்கயும் உங்களுக்கு உதவி கிடைக்கலைன்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா? போன இடத்துல எல்லாம், 'இவங்களுக்கு நாங்க எதுவும் தரலை'ன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க." அந்தம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் கட்டில் கடை மாடி ஏறினார்.

அங்கே இருந்தவர் முகம் சுண்டிப் போயிற்று. "தரலைன்னு நாங்க எப்பம்மா சொன்னோம்? இருபத்தஞ்சு வருஷமா நாங்க யாரையும் இல்லைன்னு சொன்னதே கிடையாது. உங்க விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு."

"எப்ப சார் தெரியும்?"

"அதைத்தாம்மா பரிசீலிக்கிறோம்."

கொடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவில்லை என்று எழுதித் தரவும் மாட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குப் பணம் கிடைத்திருக்கும்! எத்தனை பேரை எத்தனை வருஷமாக 'பரிசீலனையில்' வைத்தே அந்தக் கட்டு அவ்வளவு உயரம் வளர்ந்ததோ, அதைத் தூசி தட்டுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் இருக்கிறாராம்.

இதெல்லாம் இப்படி நடந்துகொண்டிருக்க, நம் கைகாட்டி சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை. காலை நடையில், முடிதிருத்தகத்தில், பால் வாங்கும் இடத்தில், எங்கே நான்கு பேர் நின்றாலும் அங்கே ஐந்தாவதாகப் போய் நின்றார். "நம்ம பெயின்டர் குடும்பம் ரொம்ப நொடிச்சுப் போச்சு சார். பாவம், நாலு மாசத்துக்கு ஒரு பைசா வராது. வாடகைக்கே வழியில்ல. நான்தான் எடுத்துப் பண்றேன்." இந்த 'எடுத்துப் பண்றேன்' இருக்கிறதே, அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வரும். பெயின்டர் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டை மூடி வைக்க ஆரம்பித்தார்.

மருந்துக் கடையில் அவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று மாத்திரைக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தவர் டைல்ஸ் கடைக்காரர். ஆம், வீட்டுக்காரர்தான்.

அன்று சாயங்காலமே அவர் பெயின்டர் வீட்டு வாசலில் நின்றார். "என்ன தங்கச்சி, என்கிட்ட ஒரு மாசம்னு சொன்னே. ஊருல எல்லாரும் நாலு மாசம்ங்கறாங்க?"

கட்டிலில் கிடந்த பெயின்டர், "நான் சீக்கிரமே எழுந்துடுவேண்ணே" என்று எழுந்து காட்டப் போய், வலி தாங்காமல் அப்படியே சாய்ந்துவிட்டார். வீட்டுக்காரர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சாய்ந்தவரைப் பிடித்துச் சரியாகப் படுக்க வைத்தார். தலையணையையும் நிமிர்த்தி வைத்தார். அதன் பிறகுதான், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடும்படி சொன்னார். மிச்சம் இருந்தது பத்து நாள்.

அந்தப் பத்து நாளுக்குள் ஐந்தாவது இடத்துக்குப் போனார் பெயின்டரின் மனைவி. அங்கே ஒரு பெண் அதிகாரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கேட்டு முடித்து, மேசை மேலிருந்த கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தார்.

"இந்த மாசத்துக்கான பணம் முடிஞ்சு போச்சும்மா. பொய் சொல்ல விரும்பல. ஆனா உங்களை வெறுங்கையா அனுப்பவும் மனசு வரல. ஒருத்தர் இருக்கார். இந்த மாதிரி கேஸ் எல்லாம் அவர்தான் எடுத்துப் பண்றார். கட்டாயம் ஏதாவது செய்வார். நம்பர் எழுதிக்கிறீங்களா? மூணு மூணா சொல்றேன். ஏழு நாலு ஏழு…"

"மிச்சத்தை நான் சொல்லட்டுங்களா மேடம்?" என்றார் அந்தம்மா.

சொன்னார். மனப்பாடமாகச் சொன்னார். கைகாட்டி ஒப்பிக்க வைத்து ஒப்பிக்க வைத்து அவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாராம். சாரம் சரிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சிரித்தேன் என்று பின்னால் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

இதைக் கைகாட்டியிடம் போய்ச் சொன்னால் வெட்கப்படுவார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் இந்த இனம் புரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியது. "பாத்தீங்களாம்மா! அவங்களே என்கிட்டதான் அனுப்பறாங்க! நான் சொன்னேன்ல, என் பேரைச் சொன்னா எங்கயும் தெரியும்னு?" அன்று மாலை நடையில் இந்தச் செய்தி நான்கு சுற்று சுற்றியது. பெரிய பெரிய அறக்கட்டளைகளே தன்னிடம் ஆள் அனுப்புகிறார்கள் என்று மட்டும்தான் அதில் இருந்தது. பெயின்டர் அதில் இல்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. தன் அக்காவின் அறுவை சிகிச்சைக்குத் துணையாகப் போய் ஒரு மாதம் அங்கேயே இருந்த என் மனைவி அதற்கு முதல் நாள்தான் திரும்பியிருந்தாள். விஷயம் தெரிந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் பெயின்டர் வீட்டுக்கு ஓடினாள். அவர்களோடு உட்கார்ந்து பாத்திரங்களைக் கட்டினாள். நான் மேலே சொன்னதெல்லாம் பாத்திரம் கட்டும்போது அந்தம்மா அவளிடம் சொன்னதுதான். "நான் ஊர்ல இருந்திருந்தா இப்படி விட்டிருப்பேனா?" என்று இரவு சாப்பிடும்போது நாலு தடவை சொன்னாள். நான் சாப்பாட்டிலேயே கவனமாக இருந்தேன்.

கடைசி நாள் காலை சரக்கு வண்டி வந்தது. ஊருக்கு வெளியே, அந்தம்மாவின் தம்பி வீட்டு ஷெட்டுக்குப் போகிறார்கள். வண்டி ஏற்பாடு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வண்டிக்காரரின் எண்ணை மூன்று மூன்றாகச் சொன்னது யார்? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, எந்தச் சாமானை முதலில் ஏற்ற வேண்டும் என்று தூரத்திலிருந்தே கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாடகையைப் பாத்து வாங்கிக்கப்பா. நான் சொன்னேன்ல?" என்றார் வண்டிக்காரரிடம்.

"யார் சொன்னாலும் அதே வாடகைதான் சார்" என்றார் வண்டிக்காரர், பீரோவைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டே.

பெயின்டரை நாற்காலியோடு தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். பெரிய பெண் மடியில் அந்த இரண்டு போர்வைகள். பிரிக்காமல் அப்படியே இருந்தன. கடைசியாக அந்தம்மா வண்டியில் ஏறப் போனவர், என் மனைவியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, பின்னால் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்து அருகே வந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"போயிட்டு வரோம் சார். நீங்க சொன்னீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன் சார்."

வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு சொல்கிறேன் என்றேனே, இதுதான். அவர் முதலில் வந்தது என் வீட்டுக்கு. தன் கணவர் பூசிய சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாய்விட்டுக் கேட்கக் கூசி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் சட்டைப் பையில் அன்று பணம் இருந்தது. புதிய டிவி வைப்பதற்கு ஒரு மேசை வாங்க எடுத்து வைத்தது. அவர் கேட்ட இரண்டு மாத வாடகைக்கு அது போதாது, ஆனால் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். என் கை பைவரைக்கும் போனது உண்மை. போன கை அங்கே நிற்காமல், தானாகவே நீண்டு தெருமுனையைக் காட்டியது. "மூணாவது வீடும்மா. அவருக்கு எல்லா இடமும் தெரியும். நான் சொன்னேன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியபோது, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது. மத்தியானம் போய் மேசை வாங்கினேன். நல்ல மேசை.

வண்டி திரும்பி மறைந்ததும் என் மனைவி என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். கைகாட்டி என்று இப்போதெல்லாம் அவள் யாரையும் கேலி செய்வதில்லை. நானும் சிரிப்பதில்லை. மேசை மேலே டிவி இருக்கிறது, பார்க்கிறோம்.

சரி, என் கதையை விடுங்கள். உங்களைக் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தம்மா மாடி மாடியாக ஏறி இறங்கியதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயோ, 'அடடா, எனக்கு ஒருத்தரைத் தெரியுமே, இந்த மாதிரி ஆட்களுக்கு அவர் கட்டாயம் செய்வாரே' என்று ஒரு முகம் உங்கள் மனதில் வந்து போனதா இல்லையா? வந்த முகம் உங்களுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாகவோ இருந்ததா?

அப்படியானால் தாமதிக்காதீர்கள், ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். பச்சை அட்டை போட்டதுதான் நீண்ட நாள் உழைக்கும். எந்தக் கடையில் மலிவு என்று எனக்குத் தெரியும், விலாசம் தருகிறேன். போய், நான் சொன்னேன்னு சொல்லுங்க.